தாத்தாவின் படமும் கடை முத்திரையும்: அட்டைக்கு மாற்றும்போது எல்லாம் கலைந்துவிடுகின்றன

கேள்வி: தகரப்பெட்டி

வணக்கம். என் தாத்தா 1930களில் ரங்கூனில் ஒரு சிறு துணிக்கடை நடத்தினார். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களும், கடை வாசலில் எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படமும், ரசீதுகளில் குத்திய ரப்பர் முத்திரையும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. இவற்றோடு அக்ரிலிக் வண்ணமும் சேர்த்து, 12க்கு 16 அங்குல அட்டைகளில் ஒட்டுச்சித்திரம் செய்ய மூன்று மாதங்களாக முயன்று வருகிறேன். கடிதங்களையும் படத்தையும் தொடாமல் நகல்களையே பயன்படுத்துகிறேன். முத்திரை மட்டும் அசல்.

இதுவரை நான்கு அட்டைகள் வீணாகிவிட்டன. முதல் அட்டையில், வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த நகலின் முகத்தில் ஜெல் மீடியம் (காய்ந்ததும் ஊடே தெரியும் அக்ரிலிக் பசை) தடவிக் கவிழ்த்து ஒட்டி, காய்ந்த பிறகு தாளை நனைத்துத் தேய்த்தபோது, தாத்தாவின் முகம் நீலமும் சிவப்புமாகக் கரைந்து ஓடியது. இரண்டாவதை ஜெராக்ஸ் கடை நகலைக் கொண்டு செய்தேன். ஈரமாக இருந்தவரை தெளிவாகத் தெரிந்த படம், காய்ந்ததும் மாவு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. போதாக்குறைக்குக் கடைப் பலகையின் எழுத்துகள் இடவலம் மாறி வந்தன. மூன்றாவதில் படம் ஒருவாறு அமைந்தது. அதன்மேல் முத்திரையை அலுவலக ஊதா மையில் குத்தி, இரண்டு நாள் பொறுத்து மேலே ஜெல் பூசினேன். தூரிகை போன வழியெல்லாம் ஊதா இழுபட்டது. நான்காவது அட்டை அப்பளம்போல் வளைந்து நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணமா, அல்லது அடிப்படையிலேயே எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா?

பதில் 1: மைக்கூடு

எழுத்து இடவலம் மாறியதைத் தவிர, மற்ற நான்குமே தண்ணீரின் வேலைதான். அக்ரிலிக் வண்ணமும் ஜெல் மீடியமும் ஈரமாக இருக்கையில் நீரில் கலந்தவை. ஆகவே, ஒவ்வொரு அடுக்கையும் இடுவதற்கு முன், கீழே இருப்பது நீரில் கரையுமா என்று பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றின் வண்ண மை நீரில் கரையக்கூடியது. ஜெராக்ஸ் இயந்திரமும் லேசர் பிரிண்டரும் மையைப் பயன்படுத்துவதில்லை; டோனர் என்னும் பிளாஸ்டிக் பொடியைச் சூட்டில் உருக்கித் தாளின்மேல் பதிக்கின்றன. அந்தப் பிளாஸ்டிக்கைத்தான் ஜெல் பற்றிக்கொள்கிறது, தண்ணீரும் அதை ஒன்றும் செய்வதில்லை. கடையில் சாதாரண 70 அல்லது 75 ஜிஎஸ்எம் தாளையே கேளுங்கள். தடித்த தாளையும் பளபளப்புத் தாளையும் பின்னால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. நகல் எடுப்பதற்கு முன் கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் பலகை எழுத்து நேராக வரும்.

வெளுப்பைக் கண்டு நீங்கள் கலங்கியிருக்கத் தேவையில்லை. தாளை எவ்வளவு தேய்த்தாலும் மெல்லிய நார்கள் படத்தின்மேல் எஞ்சியிருக்கும். ஈரத்தில் அந்த நார்களின் இடுக்குகளை நீர் நிரப்புவதால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. உலர்ந்ததும் அங்கே காற்று புகுந்து ஒளியைச் சிதறடிக்கிறது. பஜ்ஜி மடித்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஊடே பார்க்கும்படி ஆவதை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக உலரவிட்டு, மறுபடி நனைத்து, விரல் நுனியால் வட்டமாக மெல்லத் தேய்த்து இரண்டு மூன்று முறை நார்களை எடுத்துவிட்டு, கடைசியில் மீடியத்தை மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசுங்கள். இரண்டாவது அட்டையை எறிந்திராவிட்டால் அதையே மீட்டுவிடலாம். தேய்ப்பதற்கு முன் குறைந்தது ஓர் இரவாவது காயவிட வேண்டும். ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் நான் இரண்டு நாள் விடுவேன்.

வளைவுக்கு மருந்து பைண்டிங் செய்பவர்களிடம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பசை பூசினால், அது உலர்ந்து சுருங்கும்போது அட்டையையும் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் அதே அளவு மீடியம் பூசி ஒரு தாளை ஒட்டிக் கனத்தின் கீழ் வைத்தால் இரண்டு இழுப்பும் சமமாகும். வாங்கும் நிலையில் இருந்தால் அட்டையை விட்டுவிட்டு, ப்ளைவுட் பலகையில் ஜெசோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசிச் செய்வதே என் பரிந்துரை.

பதில் 2: ஊதாமை

முத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அலுவலக ஸ்டாம்ப் பேட் மையில், பேட் காய்ந்துபோகாமலிருக்கக் கிளிசரின் போன்ற பொருளைச் சேர்ப்பார்கள். தாளில் குத்தினால் மை உள்ளே உறிஞ்சப்படுவதால் காய்ந்ததாகத் தோன்றுகிறது. அக்ரிலிக் பரப்போ உறிஞ்சாது, அதனால் இரண்டு நாள் அல்ல, இரண்டு வாரம் பொறுத்தாலும் அது மேலேயே நிற்கும். உறிஞ்சாத பரப்புகளுக்கென்றே கரைப்பானில் கலந்த மை விற்கிறார்கள், அது நிற்கும். ஆனால் 90 ஆண்டுப் பழைய ரப்பரில் அந்த மையைத் தடவவும், பிறகு அதைத் துடைக்கக் கரைப்பானைத் தேய்க்கவும் எனக்கு மனம் வராது. இறுகிப்போயிருக்கும் பழைய ரப்பர் வெடித்துவிடக்கூடும்.

ஆகவே முத்திரையை வெள்ளைத்தாளில் பல அழுத்தங்களில் பத்து முறை குத்துங்கள். மங்கலாக விழுந்ததும் பாதி விழுந்ததும் சில சமயம் முழுமையானதைவிட அழகாக இருக்கும். பிடித்தவற்றைக் கணினியில் இடவலமாகத் திருப்பி, ஜெராக்ஸ் கடையில் வண்ண நகல் எடுத்து, படத்தை மாற்றிய அதே முறையில் முத்திரையையும் மாற்றிவிடுங்கள். டோனர் ஊதா கரையாது, அசல் முத்திரைக்கும் ஓய்வு கிடைக்கும். வண்ணத்தில் தோய்த்துக் குத்தத்தான் வேண்டுமென்றால், அந்த முத்திரையின் படத்தைக் கொடுத்து ஸ்டாம்ப் கடையில் புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள். அக்ரிலிக் வண்ணத்தைப் பஞ்சால் மெல்ல ஒற்றி, குத்திய கையோடு பழைய பல் துலக்கியால் கழுவிவிட வேண்டும். ரப்பரில் வண்ணம் காய்ந்தால் எழுத்தின் குழிகள் அடைபட்டுவிடும்.

பதில் 3: சுரண்டல்தாள்

மேலே உள்ளவை சரியான வழிகள்தாம் என்றாலும், படம் இவ்வளவு தெளிவாக வந்தே ஆக வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகக் காண்டத்துக்காக 1958 முதல் 1960 வரை 34 படங்களைச் செய்தார். பத்திரிகைப் படங்களைக் கரைப்பானில் நனைத்து, தாளில் கவிழ்த்து, பின்புறம் கோடு கோடாகத் தேய்த்து மாற்றியவை அவை. தேய்த்த கோடுகள் உருவங்களின்மேல் மழைபோல் விழுந்திருக்கும். அந்தக் கோடுகளை மறைக்க அவர் முயலவில்லை. முத்திரைக்கும் இப்படியொரு முன்னோடி உண்டு: ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919லேயே அலுவலக ரப்பர் முத்திரைகளைக் குத்திச் சித்திரங்கள் செய்திருக்கிறார்.

கரைப்பான் முறையை நீங்கள் முயல்வதென்றால் மொட்டைமாடியிலோ திறந்த திண்ணையிலோ, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். அசிட்டோனும் தின்னரும் எளிதில் தீப்பற்றும், அவற்றின் ஆவியும் நல்லதல்ல. உங்களிடம் இருப்பது தாத்தாவின் முகம் என்பதால், முகத்தை ஜெல் முறையிலும், சுற்றியுள்ள தெருவையும் கடிதவரிகளையும் சற்றுச் சிதைந்தே வரும்படியும் செய்து பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்: தகரப்பெட்டி

மூவருக்கும் நன்றி. இரண்டாவது அட்டையை மீட்டுவிட்டேன். மீடியம் பூசிய நொடியில் மீசை தெரிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதிய பலகையில் முத்திரையின் வண்ண நகல் கலையாமல் அமர்ந்தது. ஆனால் அந்த அட்டையையும் பலகையையும் முகத்தோடு முகம் வைத்துப் புத்தக அடுக்கில் செருகியிருந்தேன். இன்று எடுத்தால் பிரிய மறுக்கின்றன.

பதில் 4: மைக்கூடு

காய்ந்த அக்ரிலிக்கும் வெப்பத்தில் இளகும், அழுத்தினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். வெயில் நேரத்தில் இழுக்காதீர்கள். குளிர்ந்த அறையில் சில மணிநேரம் வைத்திருந்து, ஒரு மூலையிலிருந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை (டென்டல் ஃப்ளாஸ்) நுழைத்து மெல்ல மெல்ல அறுத்துவாருங்கள். ஓரிரு இடங்களில் வண்ணம் பெயர்ந்தால் அங்கே மட்டும் தொட்டுத் தீட்டிக்கொள்ளலாம். இனி அடுக்குவதானால் இடையே கேக் சுடும்போது அடியில் விரிக்கும், சிலிக்கோன் பூசிய தாளை வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். சட்டமிடும்போதும் கண்ணாடி படத்தைத் தொடாதபடி ஓரங்களில் மெல்லிய மரச்சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள்.