செயற்கைப் புல் ஒரே இடத்தில் உருகுகிறது: வழி சொல்லுங்கள்

துபாயில் தரைத்தள வீடு. பின்முற்றத்தில் 40 சதுர மீட்டருக்குச் செயற்கைப் புல் போட்டது 2023 நவம்பரில். பாலிஎத்திலீன் இழை, 35 மில்லிமீட்டர் உயரம், கீழே இறுக்கிய மணல். முதல் கோடையை நன்றாகவே தாங்கியது.

இந்த ஏப்ரலிலிருந்து மதில் ஓரமாக நான்கடி நீளத்துக்கு இழைகள் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, பொசுங்கிய முடி போல ஆகிவிட்டன. மற்ற இடமெல்லாம் பச்சைப் பசேல்.

தண்ணீர் தெளித்தேன், பத்து நிமிடத்தில் பழைய சூடு. எதிர்த்திசையில் துலக்கினேன், சிலிக்கா மணல் கூடுதலாகத் தூவினேன். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, மிச்சம் வைத்திருந்த துண்டை ஒட்டினேன். மூன்றே வாரத்தில் அதுவும் சுருண்டது. புல் விற்றவர் "வெயில்தான் சார்" என்று கைவிரித்துவிட்டார். வெயில் என்றால் முற்றம் முழுவதும் அல்லவா கருக வேண்டும்?

பிறகு ஒருநாள் மாலை நான்கு மணிக்கு அங்கேயே நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டு மாடியில் மார்ச்சில் மாற்றிய இரட்டைக் கண்ணாடி ஜன்னலிலிருந்து வெளிச்சம் பட்டையாக அதே இடத்தில் விழுகிறது. வெப்பமானி அங்கே 92 டிகிரி காட்டியது. இரண்டடி தள்ளி 66.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஜன்னலின் வெளிப்பக்கம் எதையும் ஒட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், கண்ணாடி விரிசல் விடக்கூடாது என்பதே நிபந்தனை.

துளையிட்ட பிலிம் (கண்ணாடியில் ஒட்டும், நுண்துளைகள் உள்ள மெல்லிய படலம்), வெளிப்புற வலைத்திரை: இந்த ஊர்க் கோடையில் கண்ணாடிக்குச் சேதமில்லாமல் பிரதிபலிப்பைத் தடுத்தது எது, பயன்படுத்தியவர்கள் சொல்வீர்களா?