மறு: ஸ்டட்டருக்கு ‘இடறல்’, லேகுக்கு ‘சுணக்கம்’

அனைவருக்கும் வணக்கம். கணினி விளையாட்டுச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலுக்கு, லேக் (தாமதம்), ஸ்டட்டர் (ஓடும் காட்சி நடுவில் வெட்டி நிற்பது) இரண்டுக்கும் நான் சொன்ன சொற்கள் பற்றி வந்த கருத்துகளுக்கு இது பதில்.

> இரண்டுக்கும் ‘பின்னடைவு’ என்றே வைத்துவிடலாமே. விளையாடுகிறவர்கள் எல்லாவற்றையும் லேக் என்றுதானே சொல்கிறார்கள்?

அப்படிச் சொல்வதுதான் சிக்கலே. போன டிசம்பரில் கோத்தகிரியில் இருக்கும் என் அக்கா மகன் "மாமா, கேம் ரொம்ப லேக் அடிக்குது" என்று போன் செய்தான். நானும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இணைப்புதான் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டி வேகமான இணைப்புக்கு மாறினார். பலன் இல்லை. பொங்கலுக்குப் போனபோது, நெட்டைத் துண்டித்துவிட்டு, தனியாக ஆடும் கார் பந்தயம் ஒன்றைப் போடச் சொன்னேன். அதிலும் அதே வெட்டு. பையன் மடிக்கணினியைக் கட்டிலில் கம்பளி மேல் வைத்து ஆடிக்கொண்டிருந்தான். வெளியே உறைபனி. உள்ளே கம்பளி காற்றுத் துளைகளை அடைத்துக்கொள்ள, செயலி (ப்ராசசர்) 97 டிகிரியைத் தொட்டு, சூடு தாங்காமல் தன் வேகத்தைக் குறைப்பதும் கூட்டுவதுமாக இருந்தது. மேசைக்கு மாற்றியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. வேறு வேறு கோளாறுகளுக்கு ஒரே பெயர் இருந்ததால் அக்காவின் பணம் வீணானது. அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன்.

‘பின்னடைவு’ எனக்கு வேண்டாம். தேர்தல் முடிவு நாளில் கேட்டுக் கேட்டு அது தோற்பதற்கான சொல்லாகிவிட்டது. லேக் என்பது தாமதம்: பொத்தானை அழுத்துவது இப்போது, திரையில் நடப்பது சற்றுப் பிறகு. அதற்குச் ‘சுணக்கம்’ போதும். சுட்டியிலிருந்து திரைக்கு வரும் தாமதம் உள்ளீட்டுச் சுணக்கம், சர்வருக்குப் போய்வரும் தாமதம் பிணையச் சுணக்கம். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். கம்பி வழியே 1,000 கி.மீ. தள்ளி சர்வர் இருந்தால், போய்வர மட்டுமே 10 மில்லிநொடி. எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் அது குறையாது. அந்தத் தாமதம் ஒரே சீராக இல்லாமல் 40, 40, 180, 40 மில்லிநொடி என்று துள்ளினால், அது ஏற்கெனவே புழங்கும் ‘நடுக்கம்’ (ஜிட்டர்).

ஸ்டட்டர் இவை எதிலும் சேராது. விநாடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம், திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம்) என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.67 மில்லிநொடி. நடுவில் ஒன்று மட்டும் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், மீதி 900-இல் 54 சட்டகம் வந்துவிடும். மொத்தம் 55. திரை ஓரத்தில் ஓடும் சட்டக எண்ணிக்கை 55 என்று நல்லபடியாகவே காட்டும்; கண்ணுக்கோ ஆறு சட்டக நேரம் கார் அப்படியே நின்றிருக்கும். தேயிலைத் தோட்டத்துச் சரிவில் இறங்குகிறவர் ஒரு கல்லில் கால் இடறி, சமாளித்து, அதே வேகத்தில் நடப்பதைப் போல. வீடு சேரும் நேரம் மாறாது, ஆனால் இடறியது இடறியதுதான். அதனால் ‘இடறல்’.

வெறும் வேகக் குறைவையும் இதோடு சேர்க்கக் கூடாது. நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கி.மீ. தூரத்தை ஏற ஏறத்தாழ 5 மணி நேரம் எடுக்கும். மெதுவான வண்டி, ஆனால் ஒரே சீர். 30 சட்டகத்திலேயே நிலையாக ஓடும் விளையாட்டும் அப்படித்தான். அது மந்தம், இடறல் இல்லை.

பெயர் பிரிந்தால் வைத்தியமும் பிரியும். ஒரு வெடிப்பு முதல்முறை வரும்போது இடறி, அடுத்த முறை இடறாமல் போனால், ஷேடர் (காட்சியின் நிறத்தையும் ஒளியையும் தீர்மானிக்கும் சிறு நிரல்) அப்போதுதான் தயாராகிறது என்று பொருள். ஓடி ஓடிப் புது இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் இடறினால் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். விளையாட்டை அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். கிராஃபிக்ஸ் நினைவகம் நிரம்பியிருந்தால் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) தரத்தைக் குறைக்க வேண்டும். இவை எதற்கும் ரௌட்டரைத் தொட வேண்டியதில்லை.

> ஸ்டட்டருக்குத் ‘திக்கல்’ நேர் மொழிபெயர்ப்பு, அதனால் நிற்காது.

நேர் மொழிபெயர்ப்பு என்பது குறை இல்லை. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளையும் ‘கொண்டை ஊசி வளைவு’ என்றுதான் சொல்கிறோம். அதுவும் நேரே கொண்டுவந்த சொல்தான். கொண்டை ஊசி எல்லார் வீட்டிலும் இருந்தது, நின்றுவிட்டது. திக்கலை நான் மறுப்பது வேறு காரணத்துக்காக. குன்னூரில் என் கடைக்கு வரும் பையன்களில் ஒருவனுக்குப் பேச்சு திக்கும். அவன் முன்னால், கெட்டுப்போன கணினியைப் பார்த்து "திக்குது" என்று என்னால் சொல்ல முடியாது.

அப்புறம், வினையாகவும் வாயில் வர வேண்டும். "கேம் இடறுது", "நெட் சுணங்குது" என்று இந்த வாரம் கடையில் சொல்லிப் பார்த்தேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை. ‘சட்டக வீத ஏற்றத்தாழ்வு’ என்று சென்ற மடலில் வந்தது கட்டுரைக்குச் சரி, கடைக்கு ஆகாது.

எதிர்ப்பு இல்லையென்றால் ‘சுணக்கம்’, ‘இடறல்’, ‘மந்தம்’ மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிடலாம். ஷேடருக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. ‘நிழலாக்கி’ என்று பார்த்தேன். அது நிழலை மட்டும் சொல்கிறது. ஆனால் அந்தச் சிறு நிரல் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒளியையும் சேர்த்துத்தானே தீர்மானிக்கிறது? ‘வண்ணி’ சரிவருமா, சொல்லுங்கள்.