போட்டோ பாத்து வரையறவங்க லைவ் மாடல் வச்சு வரைஞ்சே ஆகணுமா?

சுவரொட்டி:
எல்லாருக்கும் வணக்கம். சென்னைல டிசைன் வேலை பாக்குறேன். சின்ன வயசுலேந்தே வரைவேன், ஆனா எல்லாமே போட்டோ பாத்துதான், பின்ட்ரெஸ்ட்ல ஒரு முகம் எடுத்து கட்டம் போட்டு பென்சில் ஷேடிங் பண்ணா அச்சு அசலா வந்துரும், வீட்ல எல்லாரும் ஆஹான்னுவாங்க. இப்ப கொஞ்ச நாளா ஒரு குரூப்போட ஞாயித்துக்கிழமை லைவ் ஸ்கெட்சிங் போறேன். வேட்டி துண்டோட ஒரு பெரியவர் வருவாரு, முதல்ல ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் போஸ், அப்புறம் இருபது நிமிஷம். அங்க போனா கை ஓடவே மாட்டேங்குது. தலை பெருசாயிருது, கால் பேப்பருக்கு வெளிய போயிருது, ஆளே விறைச்சுப்போய் நிக்கிறாரு. இன்னொன்னு, ஒருத்தர இவ்ளோ நேரம் உத்துப் பாக்கவே கூச்சமா இருக்கு, அவர் திரும்பிப் பாத்துட்டா டக்குனு தலைய குனிஞ்சுக்கிறேன். நெஜமாவே இது தேவையா, இல்ல நல்ல போட்டோ வச்சே கத்துக்கலாமா?

பெரியமேடு பழசு:
தம்பி, தலை பெருசா வருதுன்னா முகத்துலேந்து ஆரம்பிக்கிறீங்க. கண்ணு மூக்குன்னு ரசிச்சு முடிச்சுட்டு மிச்ச இடத்துல உடம்ப அடைக்கப் பாத்தா கால் வேற எங்க போகும். உச்சந்தலைக்கு ஒரு கோடு, பாதத்துக்கு ஒரு கோடு முதல்ல போட்டுக்கங்க, அதுக்குள்ள ஆளை நிறுத்துங்க. நிக்கிற போஸ்னா எடை எந்தக் கால்ல இறங்குதுன்னு பாருங்க, ஒத்தக் கால்ல நிக்கிறவரோட கழுத்துக்குழிலேந்து தூக்குக்குண்டு விட்டா அந்தக் காலோட கணுக்கால் பக்கம்தான் வந்து நிக்கும். அந்தப் பக்கம் இடுப்பு ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும். உடம்பு மூணு இடத்துல வளைஞ்சு, அதாவது திரிபங்கமா நிக்கிற சோழர் காலத்து செப்புச் சிலை எதையாவது பாருங்க, இதேதான். இத விட்டுட்டு ரெண்டு தோளையும் சமமா போட்டா ஆள் விறைக்காம என்ன செய்வான்.

போட்டோவுக்கு வர்றேன். கேமராவுக்கு ஒத்தக் கண்ணு. நமக்கு ரெண்டு, அதோட தலையையும் லேசா ஆட்டிக்கிட்டேதான் பாக்குறோம், அதனால தோள்மூட்டு எங்க திரும்புது, அதுக்கு அந்தாண்ட முதுகு எவ்ளோ தூரம் போகுதுன்னு புரியுது. நிழலும் அப்படித்தான், போட்டோல பல நேரம் கருப்பா அடைச்சிரும், நேர்ல பாத்தா உங்க பெரியவரோட தாடைக்குக் கீழ, நிழலுக்குள்ளயே, வெள்ளத் துண்டுலேந்து எழும்புற வெளிச்சம் ஒண்ணு தெரியும், அடுத்த வாரம் கவனிங்க. பெயிண்ட் பண்றவனுக்கு பாதி வேலையே அந்த இடத்துலதான்.

எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா படுறது வேற. எந்த மாடலும் இருபது நிமிஷம் அசையாம இருக்க முடியாது. மூச்சு விடுவாரு, தோள் கொஞ்சம் கொஞ்சமா சரியும், ஆரம்பத்துல நிமிந்து இருந்த தாடை கடைசில நெஞ்சுப் பக்கம் இறங்கியிருக்கும். உங்க படத்துல மூணாவது நிமிஷத்துத் தோளும் பதினெட்டாவது நிமிஷத்துக் கழுத்தும் ஒண்ணா உக்காந்திருக்கும், ரெண்டையும் எப்படி சேக்குறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், காப்பி அடிக்க அங்க ஒண்ணுமே இல்ல. 1964ல பாரிஸ்ல ஜாகோமெட்டிங்கிற ஓவியர் முன்னாடி ஜேம்ஸ் லார்டுன்னு ஒரு எழுத்தாளர் 18 நாள் உக்காந்தாரு, ஜாகோமெட்டி வரைஞ்ச முகத்த அழிச்சு அழிச்சு திரும்பத் திரும்ப போட்டுக்கிட்டே இருந்தாரு. முன்னாடி இருக்கிறது ஆளா இருந்தா அப்படித்தான் ஆகும்.

மெரினா பக்கம் போனா உழைப்பாளர் சிலைய சுத்திச் சுத்தி வரைங்க. நான் படிச்ச பெரியமேடு ஓவியக் காலேஜுக்கு ரொம்ப வருஷம் முதல்வரா இருந்த ராய் சவுத்ரி செஞ்சது. பாறைய தள்ற அந்த நாலு பேரோட எடை முதுகுலேந்து பாதம் வரைக்கும் எந்த வழியா இறங்குதுன்னு கண்ணால பிடிங்க. சம்பளமும் கேக்காது, அசையவும் அசையாது.

டெட்லைன் தாசன்:
போட்டோவ இவ்ளோ திட்டணுமா சார். பத்திரிகைக்கு வரையறவன் நான், சாயங்காலம் நாலு மணிக்கு கதை வரும், ராத்திரிக்குள்ள படம் போகணும், அந்த நேரத்துல மாடலுக்கு எங்க போறது. முச்சான்னு ஒரு போஸ்டர் ஓவியர், ஸ்டூடியோல மாடல நிக்க வச்சு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டுதான் போஸ்டரே பண்ணாரு. டேகான்னு இன்னொரு ஓவியர், அவர் கூட 1895 வாக்குல கேமரா பைத்தியம் பிடிச்சு அலைஞ்சவருதான். ஒரே ஒரு விஷயம், அவங்க போட்டோவ அவங்களே எடுத்தாங்க. பின்ட்ரெஸ்ட் போட்டோல கோணம், லைட்டு எல்லாத்தையும் எவனோ முடிவு பண்ணிட்டான், உங்களுக்கு மிச்சம் ஷேடிங் மட்டும்தான். கை ஓடலைன்னா எழும்பூர் ஸ்டேஷன்ல ராத்திரி வண்டிக்கு காத்திருக்கவங்கள வரைங்க ப்ரோ, மூட்டை மேல தலை வச்சு தூங்குறவர விட நல்ல மாடல் கிடைக்காது.

மேடைக்காரி:
ஸ்டூல்ல உக்காந்திருக்க ஆள் பக்கத்துலேந்து ஒண்ணு சொல்றேன், நாடகத்துல நடிக்கிறேன், கைச்செலவுக்கு அப்பப்ப மாடலா போவேன். முதல் அஞ்சு நிமிஷம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் எடை தாங்குற குதிகால் மரத்துப் போகும், முட்டிய இறுக்கி நின்னா தலை சுத்தும், காதுகிட்ட கொசு வந்து பாடும். பாதத்த சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டுருவாங்க, பிரேக் முடிஞ்சு அதுல கால வச்சா இடுப்புக்கு மட்டும் பழைய இடம் ஞாபகமே வராது.

கூச்சம் பத்தி கேட்டீங்களே, வரையறவங்க கண்ணு நிமிரும் பேப்பருக்குப் போகும் நிமிரும் பேப்பருக்குப் போகும், ஒரு இடத்துலயும் தங்காது. அது உறுத்தவே உறுத்தாது. பேப்பருக்கே போகாத பார்வை ஒண்ணு இருக்கு, அது எங்களுக்கு உடனே தெரிஞ்சிரும். ஒரு இடத்துல பிரேக்ல ஒருத்தன் கேக்காம போன்ல போட்டோ எடுத்தான், துண்டுல முகத்த மூடிட்டு கீழ இறங்கிட்டேன், நடத்துறவங்க ஒரு வார்த்த கேக்கல, அதோட அங்க போறதே இல்ல. நீங்க தலைய குனிஞ்சா பெரியவருக்குத்தான் குழப்பமா இருக்கும், நேரா பாருங்க. முடிஞ்சதும் படத்த காமிங்க, மூக்கு கோணலா இருந்தாலும் பரவால்ல, நாங்க அதத்தான் எதிர்பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.

கோட்டோவியா:
மேடைக்காரி சொன்னதுக்கு ஒரு லைக். யார் யாரப் பாக்கலாம்ங்கிற சண்டை இந்தக் கலைல ரொம்பப் பழசு. லண்டன் ராயல் அகாடமிங்கிற ஓவியர் சங்கத்த ஆரம்பிச்சவங்கள்ல ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர்னு ரெண்டு பொண்ணுங்க உண்டு, ஆனா 1770கள் தொடக்கத்துல சோஃபனிங்கிற ஓவியர் அந்த அகாடமிக்காரங்கள எல்லாம் துணியில்லாத ஆண் மாடலோட ஒரே அறைல வச்சு வரைஞ்சப்ப இவங்க ரெண்டு பேரையும் சுவத்துல மாட்டின படமாத்தான் போட்டாரு. ஓவியர்தான், ஆனா அறைக்குள்ள வரக்கூடாது! அங்க மாணவிங்களுக்கு லைஃப் கிளாஸ், அதாவது மாடல நேர்ல பாத்து வரையற வகுப்பு, கிடைக்கவே 1893 ஆச்சு, அதுவும் மாடலுக்கு துணி சுத்தி. பிலடெல்ஃபியால ஏகின்ஸ்னு ஒரு ஓவிய வாத்தியார், மாணவிங்க இருந்த வகுப்புல ஆண் மாடலோட இடுப்புத்துணிய எடுத்தாருன்னு 1886ல வேலையவே விட வச்சாங்க. உங்க பெரியவர் வேட்டி துண்டோடதான் இருக்காரு, நீங்க ஏன் பயப்படுறீங்க.

சுவரொட்டி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல. பெரியமேடு சார், ஒரு டவுட், ரெண்டு நிமிஷ போஸுக்கெல்லாம் நல்ல கார்ட்ரிட்ஜ் பேப்பர் (கெட்டியான டிராயிங் பேப்பர்) வேஸ்ட்டாகுதே, அதனாலயே கை நடுங்குது.

பெரியமேடு பழசு:
அத யார் வாங்கச் சொன்னா. நியூஸ்பிரிண்ட், அதான் நியூஸ்பேப்பர் அச்சடிக்கிற தாள், மொத்தமா வாங்குங்க, பெரிய சைஸ்ல. சீக்கிரம் மஞ்சளாயிரும், ஆகட்டும், யார் பிரேம் போடப் போறா. பென்சில வீட்லயே வச்சுட்டு சார்கோல் (வரையற கரி) எடுத்துட்டுப் போங்க, ரப்பரும் வேண்டாம், தப்பான கோட்டுப் பக்கத்துலயே சரியான கோட்ட போடுங்க.