அமெரிக்க ஆமியில் இருக்கும் கணவர் அனுப்பிய "வேய்வர்" கடதாசி: கையெழுத்து வைக்கலாமோ?

கோப்பாய்_சந்தி எழுதியது:

வணக்கம். தங்கச்சியின்ர விசயம், விபரத்தை மட்டும் தாறன்.

பதிவு யாழ்ப்பாணத்தில. கலியாணம் முடிஞ்சு 9 வருசம் 4 மாசம். மாப்பிள்ளை அமெரிக்க ஆமியில 11 வருசமா முழுநேர சேவை, ஸ்டாஃப் சார்ஜன்ட். இப்ப டெக்சசில ஃபோர்ட் ஹூட் முகாம். தங்கச்சியும் அங்க அவரோட இருந்தவ. பிறகு 6 வயசுப் பிள்ளையோட இஞ்ச வந்து 14 மாசம். அவர்தான் ரிக்கற் போட்டு அனுப்பினவர். 5 மாசமா காசு இல்லை.

இப்ப வாட்சப்பில ஒரு கடதாசி அனுப்பி, "நொத்தாரிசுக்கு முன்னால கையெழுத்து வைச்சு அனுப்பு, கெதியா முடிஞ்சிடும்" எண்டு சொல்லியிருக்கிறார். தலைப்பு "வேய்வர் ஒஃப் சேர்விஸ்". வழக்கிலக்கம் எழுதுற இடம் வெறுமையா கிடக்கு. 10 வருசம் முடியாததால பென்சனில ஒரு சதமும் வராது எண்டும் சொல்லுறார்.

வைக்கலாமோ? யாழ்ப்பாணத்தில நாங்கள் முந்தி வழக்குப் போட்டால் நல்லதோ?

---

வழக்கேடு எழுதியது:

இப்போதைக்கு வைக்க வேண்டாம். காரணம் அந்தக் கடதாசிக்குள்ளேயே இருக்கிறது.

டெக்சசில் இந்த வேய்வர் என்பது "அழைப்பாணை எனக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்புக்கொள்வது. அது மட்டும் என்றால் பெரிய தீங்கில்லை. ஆனால் புழக்கத்தில் உள்ள பல படிவங்களில் மூன்றாவது நான்காவது பந்தியாக இன்னொரு வசனமும் ஒட்டியிருக்கும்: "எனக்கு மேலதிக அறிவித்தல் தராமலே இந்த வழக்கை விசாரித்து முடிக்கச் சம்மதிக்கிறேன்." அதில் கையெழுத்து வைத்தால், தீர்ப்பில் என்ன எழுதப்படுகிறது என்று தெரியாமலே விவாகரத்து முடிந்துவிடும். கடதாசியை வரிவரியாக வாசித்து அந்த வசனம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கிலக்கம் வெறுமையாக இருப்பது இன்னொரு கோளாறு. டெக்சஸ் குடும்பச் சட்டப்படி மனு தாக்கல் செய்யப்பட்ட பிறகு வைக்கும் கையெழுத்துத்தான் செல்லும். வழக்கில் சம்பந்தப்பட்ட சட்டத்தரணி அல்லாத ஒரு நொத்தாரிசு உறுதிப்படுத்த வேண்டும், கையெழுத்து வைப்பவரின் தபால் முகவரி இருக்க வேண்டும், ஸ்கான் செய்து ஒட்டிய கையெழுத்து செல்லாது. ஆகவே அவரிடம் முதலில் கேட்க வேண்டியது இரண்டு: வழக்கிலக்கம், தாக்கல் செய்த மனுவின் பிரதி. ஃபோர்ட் ஹூட் பக்கம் கிலீன் நகரம் பெல் கவுன்ரிக்குள் வரும், நீதிமன்றம் பெல்ரனில். அங்குள்ள மாவட்ட நீதிமன்றப் பதிவாளரிடம் பெயரைக் கொடுத்தும் தேடலாம். (முகாமின் பெயர் 2023இல் ஃபோர்ட் கவாசோஸ் ஆகி 2025இல் திரும்பவும் ஃபோர்ட் ஹூட் ஆனது. பழைய கடிதங்களில் மற்றப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.)

கையெழுத்து வைக்காவிட்டால் அவர் முறைப்படி அழைப்பாணை சேர்ப்பிக்க வேண்டும். இலங்கையும் அமெரிக்காவும் ஹேக் சேர்ப்பித்தல் உடன்படிக்கையில் இருப்பதால் அது நீதி அமைச்சு வழியாக வரலாம். மாதக்கணக்கில் இழுபடும்.

அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 20 நாள் கழிய, அதற்கடுத்து வரும் திங்கட்கிழமை டெக்சஸ் நேரம் காலை 10 மணிக்குள் பதில் போட வேண்டும். எங்கள் நேரத்துக்கு அது அன்று இரவு 8.30, அவர்களின் குளிர்காலத்தில் 9.30. பிந்தினாலும் ஒரேயடியாகக் கைவிட வேண்டாம், தீர்ப்பு வருவதற்கு முன் போட்ட பதில் ஏற்கப்படும். மனு தாக்கலாகி 60 நாள் கழியாமல் பொதுவாக விவாகரத்துக் கொடுக்கவும் மாட்டார்கள். "கெதியா முடிஞ்சிடும்" என்பது அவருக்குத்தான் வசதி.

---

சம்பளப்பட்டியல் எழுதியது:

10 வருடக் கதையைத் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் ஆமிக்காரர்களே பாதிப்பேர் இதைப் பிழையாக நம்புகிறார்கள்.

படையினரின் ஓய்வூதியத்தைச் சொத்தாகப் பிரிக்க மாநில நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கொடுப்பது 1982ஆம் ஆண்டின் முன்னாள் துணைவர் பாதுகாப்புச் சட்டம். 10 வருடத் திருமணம், அதே காலத்தில் 10 வருடச் சேவை என்ற விதி, பங்கு கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பதில்லை. பங்கை யார் அனுப்புவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. 10 நிறைந்தால் படையினரின் சம்பளக் கணக்கு நிறுவனமான டி.எஃப்.ஏ.எஸ். நேரே உங்கள் தங்கையின் கணக்குக்கு அனுப்பும். நிறையாவிட்டால் ஒவ்வொரு மாதமும் அவர் தன் கையால் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கடல் கடந்து துரத்த வேண்டும்.

இந்த 10 வருடம் பதிவுத் திகதியிலிருந்து விவாகரத்துத் தீர்ப்புத் திகதி வரை எண்ணப்படுகிறது. உங்களுக்கு இன்னும் 8 மாதம். அவர் ஏன் அவசரப்படுகிறார் என்று இப்போது விளங்கும். டெக்சசில் இதே 10 இன்னொரு இடத்திலும் வருகிறது: குடும்ப வன்முறை, மாற்றுத்திறன் போன்ற விதிவிலக்குகள் தவிர, மனைவிக்குத் தாபரிப்புக் கேட்கவும் திருமணம் 10 வருடமாவது நீடித்திருக்க வேண்டும். கிடைத்தாலும் மாதம் 5,000 டொலர் அல்லது அவரது மொத்த வருமானத்தில் 20 வீதம், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம்.

பங்கு எவ்வளவு? 2016 டிசம்பர் 23க்குப் பிறகு முடியும் விவாகரத்துகளில், சேவையில் இருப்பவரின் ஓய்வூதியம் விவாகரத்து நாளில் "உறைந்துவிடும்". அன்றுள்ள சேவைக் காலம், அன்றுள்ள உயர்ந்த 36 மாதச் சம்பளச் சராசரி, இரண்டையும் வைத்துத்தான் கணக்கு. பிற்காலப் பதவி உயர்வு சேராது. உதாரணத்துக்குச் சராசரி 4,000 டொலர் என்று வைப்போம். பழைய திட்டத்தில் வருடத்துக்கு 2.5 வீதம், 11 வருடத்துக்கு 27.5 வீதம், அதாவது 1,100 டொலர். திருமணமான மாதங்கள் 112, சேவை மாதங்கள் 132. 112/132இல் பாதி 42.4 வீதம். மாதம் ஏறத்தாழ 466 டொலர், அதோடு விலைவாசி உயர்வு. அவர் 2018இல் வந்த கலப்புத் திட்டத்துக்கு மாறியிருந்தால் வீதம் 2 ஆகிறது, தொகை 373க்கு இறங்கும். எந்தத் திட்டம் என்பது அவரது மாதச் சம்பளச் சிட்டையில் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அவர் 20 வருடம் முடிக்காமல் விலகினால் பொதுவாக ஓய்வூதியமே இல்லை, பங்கும் இல்லை.

பங்கு கேட்டு அனுப்பும் நீதிமன்ற ஆணைகள் ஏற்கப்படாமல் திரும்பி வரும் காரணங்கள்:

- அந்த 36 மாதச் சராசரியும் சேவைக் காலமும் தீர்ப்பில் எழுதப்படாமை. இதனால் திரும்புபவைதான் அதிகம் என்பேன்.
- பங்கைக் கேட்கும் டி.டி. 2293 படிவத்தோடு அனுப்பும் தீர்ப்பின் பிரதி, பதிவாளர் சான்றுப்படுத்தி 90 நாளைத் தாண்டியிருத்தல். இங்கிருந்து தபாலில் போட்டால் பாதி நாள் வழியிலேயே போய்விடும்.
- சேமிப்புத் திட்டமான ரி.எஸ்.பி.யைத் தனியாகப் பெயர் சொல்லாமை. அது டி.எஃப்.ஏ.எஸ். வேலை அல்ல, அதற்கு வேறு ஆணை வேண்டும், அதில் திட்டத்தின் பெயர் முழுதாக இருக்க வேண்டும்.

அவர் இறந்தால் பங்கு நின்றுவிடும். அதற்காகத்தான் எஸ்.பி.பி. என்ற உயிர்பிழைத்தோர் காப்பு. தீர்ப்பில் அது எழுதப்பட்டாலும் தானாக நடக்காது. தீர்ப்பு வந்து 1 வருடத்துக்குள் டி.டி. 2656-10 படிவத்தைத் தங்கையே அனுப்ப வேண்டும். 55 வயதுக்கு முன் மறுமணம் செய்தால் அந்தக் காப்பு நிற்கும்.

---

கோப்பாய்_சந்தி எழுதியது:

நன்றி. இரண்டு பேரும் சொன்னதை அச்செடுத்து வைச்சிருக்கிறன். 5 மாசமா காசு இல்லாததுக்கு உடன என்ன செய்யலாம்? பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி அங்கத்தக் கோடு ஓடர் போட்டால்? "ஆமிக்காரனுக்கு எதிரா வழக்கே போடேலாது" எண்டு சொந்தக்காரர் ஒராள் சொல்லுறார், அது உண்மையோ?

---

வடக்குவீதி எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்வியை முதல் முடிப்பம். வழக்குப் போடலாம். எஸ்.சி.ஆர்.ஏ. எண்டொரு சட்டம் இருக்கு. அது எதிராளியா இருக்கிற படைவீரன் முழுநேரப் படைச்சேவையில நிக்கேக்க, அவர் இல்லாமலே தீர்ப்பு எடுக்கிறதைத் தடுக்கும். கட்டளை அதிகாரியின்ர கடிதத்தோட கேட்டால் குறைஞ்சது 90 நாள் வழக்கை நிறுத்தி வைக்கும். அவ்வளவுதான். இஞ்ச வழக்காளியே அவர் எண்டால் அந்தக் கவசத்தைத் தூக்க அவருக்குத் தேவையே இல்லை.

காசு: நீதிமன்ற ஆணையோ எழுத்து ஒப்பந்தமோ இல்லாத காலத்தில குடும்பத்துக்குக் காசு அனுப்பச் சொல்லி ஆமியின்ர 608-99 ஒழுங்குவிதி கட்டாயப்படுத்துது. தொகை, அவருக்குக் கிடைக்கிற வீட்டுப்படி இல்லை. பதவிக்கேற்ப வருசா வருசம் வெளியிடுற வேறொரு பட்டியல், அதில "குடும்பத்தோட" எண்ட நிரல். இதைக் குழப்பி, கூடின தொகையைக் கேட்டு எழுதினால் முதல் பதிலிலேயே மடக்கிப் போடுவாங்கள். தங்கச்சி அவரின்ர கொம்பனிக் கட்டளை அதிகாரிக்கு எழுதவேணும்: பதிவுச் சான்றிதழ், பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ், கடைசியா காசு வந்த திகதி, வங்கி விபரம். கோபத்தையும் பழைய கதையையும் அதில எழுதக்கூடாது, ஒரு பக்கம் போதும். மறுமொழி இல்லாட்டி முகாமின்ர இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம். கட்டளை அதிகாரி அவருக்குத் தண்டனை குடுக்கலாம். ஆனால் சம்பளத்தில கைவைக்க நீதிமன்ற ஆணை வேணும்.

தங்கச்சியிட்ட குடும்ப அடையாள அட்டை செல்லுபடியா இருந்தால் முகாமின்ர சட்ட உதவி அலுவலகத்தில இலவச ஆலோசனை கேக்கலாம். அவர் அங்க முந்திப் போயிருந்தால் இவவை எடுக்க மாட்டினம், வேற முகாம் ஒண்டுக்கு மாத்தி விடச் சொல்லிக் கேளுங்கோ. வழக்குக்கு அவை வர மாட்டினம்.

பிள்ளை: வழக்குப் போட முந்தின 6 மாசம் பிள்ளை எங்க வாழ்ந்ததோ அதுதான் "சொந்த மாநிலம்". டெக்சஸ் சட்டம் வெளிநாட்டையும் மாநிலம் மாதிரியே பாக்கும். 14 மாசம் கோப்பாயில எண்டால் பிள்ளையின்ர பொறுப்பைத் தீர்மானிக்க அங்கத்த நீதிமன்றுக்கு நியாயாதிக்கம் இருக்கோ எண்டது பெரிய கேள்வி. பதில் போடேக்கயே இதை எழுப்பவேணும். அவர் "தற்காலிகமாத்தான் போனவ" எண்டு வாதாடுவார், அப்ப விடுமுறைக் காலமும் டெக்சஸ் கணக்கில போகும். அதால அவர் ரிக்கற் எடுத்த மின்னஞ்சல், "அங்கயே பள்ளிக்கூடத்தில சேர்" எண்ட மாதிரி வாட்சப் செய்தி, பள்ளிக்கூட அனுமதிக் கடிதம் எல்லாம் பத்திரம். போனை மாத்த முந்தி வேற இடத்தில நகல் எடுத்து வையுங்கோ. இலங்கையும் அமெரிக்காவும் ஹேக் பிள்ளைக் கடத்தல் உடன்படிக்கையில ஒண்டுக்கொண்டு கட்டுப்பட்டிருக்கினம், இஞ்ச 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லி அதில கேட்டால் இதே சம்மதச் சான்றுதான் மறுமொழி.

பொறுப்பு இஞ்ச தீர்ந்தாலும் பிள்ளைக்குரிய தாபரிப்பை அங்க கேக்கலாம், ஏனெண்டால் அவர் அங்க இருக்கிறார். ஒரு பிள்ளைக்கு வழிகாட்டித் தொகை நிகர வருமானத்தில 20 வீதம்.

---

வழக்கேடு எழுதியது:

முதல் பதிவில் விடுபட்டது: யாழ்ப்பாணத்தில் முந்தி வழக்குப் போடுவது. ஓய்வூதியம் முக்கியம் என்றால் வேண்டாம். முன்னாள் துணைவர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கும் வெளிநாட்டு நீதிமன்று, தீர்ப்புகளை மதிக்க வேண்டும் என்று அமெரிக்காவோடு ஒப்பந்தம் உள்ள நாட்டினது மட்டுமே. யாழ் மாவட்ட நீதிமன்றின் தீர்ப்பைக் கொடுத்து டி.எஃப்.ஏ.எஸ்.சிடம் ஒரு டொலரும் வாங்க முடியாது. ஓய்வூதியத்தைப் பிரிக்கும் மாநிலத்தில் அவருக்கு நிரந்தர வதிவிடம் இருக்க வேண்டும், அல்லது படைக் கட்டளையால் அல்லாமல் தானாக வசிக்க வேண்டும், அல்லது அவரே சம்மதிக்க வேண்டும். டெக்சசில் அவரே மனுப் போடுவது இந்தச் சண்டையை உங்களுக்குப் பெரும்பாலும் மிச்சப்படுத்திவிடும்.

விவாகரத்து நாளோடு தங்கையின் ட்ரைகெயார் மருத்துவக் காப்பு முடியும். 60 நாளுக்குள் விண்ணப்பித்தால் காசு கட்டி 36 மாதம் நீடிக்கும் திட்டம் உண்டு. பிள்ளையின் காப்புத் தொடரும்.

சீதன வீடு தங்கையின் பெயரில் இருக்கிறதா?

---

கோப்பாய்_சந்தி எழுதியது:

ஓம், 6 பரப்புக் காணியும் வீடும். உறுதி அவவின்ர பெயரில.

---

வடக்குவீதி எழுதியது:

அப்ப தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, கலியாணம் நிலைச்சிருக்கிற வரைக்கும் புருசன்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதை விக்கவோ ஈடு வைக்கவோ ஏலாது, சீதனமா வந்தது எண்டாலும். புருசன் கைவிட்டிட்டார், இல்லாட்டி நியாயமில்லாமல் மறுக்கிறார் எண்டு மாவட்ட நீதிமன்றில மனுப் போட்டு அனுமதி எடுக்கலாம், ஆனால் அது இழுபடும். டெக்சசில இணக்கத் தீர்வு வந்தால் அதுக்குள்ளயே ஒரு நிபந்தனையா எழுதுவியுங்கோ: இந்தக் காணிக்குரிய சம்மதத்தையும் அற்றோணித் தத்துவத்தையும் அங்கத்த இலங்கைத் தூதரகத்தில உறுதிப்படுத்தி, தீர்ப்பில கையெழுத்து விழ முந்தி அனுப்பவேணும். காணியின்ர எல்லை, உறுதி இலக்கம், திகதி எல்லாம் உறுதியில இருக்கிற மாதிரியே. ஒரு எழுத்து மாறினாலும் காணிப் பதிவகத்தில திருப்பி விடுவாங்கள்.