சோழர் வரலாற்றுக்குப் பொன்னியின் செல்வன் போதுமா?

காவிரிக்கரையான்: "சோழர் வரலாறு தெரிய பொன்னியின் செல்வன் போதும், வேறு எதற்கு?" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது 1950இல் தொடங்கிய தொடர்கதை. அதில் வரும் நந்தினி எந்தக் கல்வெட்டில் இருக்கிறாள்? வரலாற்று ஆசிரியர்கள் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்', சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' இரண்டையும் தொடாமல் தஞ்சை மண்ணிலிருந்து இப்படி எழுதலாமா?

மன்னை மைந்தன்: எழுதியது நான்தான் அண்ணே. புதிதாகப் படிக்க வருபவனுக்குச் சாஸ்திரியைக் கொடுத்தால் பத்துப் பக்கத்தில் மூடிவிடுவான். என் அக்கா மகள் கதையைப் படித்த பிறகுதான் காட்டுமன்னார்கோயில் பக்கம் உள்ள உடையார்குடிக்குப் போக அடம்பிடித்தாள்.

காவிரிக்கரையான்: போனாளே, அனந்தீசுவரர் கோயில் சுவரில் என்ன இருக்கிறது என்று சொன்னீர்களா? கரிகால சோழனை, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை, 'கொன்று துரோகிகளான' சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் போட்டிருக்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று உயர் அதிகாரிகளுக்குத் தரும் பட்டம். சாதாரண ஆளுக்கா அந்தப் பட்டம்? அந்தக் கொலைக்குப் பிறகு அரசனான சித்தப்பன் உத்தம சோழன் ஏறக்குறைய 15 ஆண்டு ஆண்டான். அத்தனை காலம் கொலையாளிகளைத் தண்டிக்காமல் ஏன் சும்மா இருந்தான்?

குடந்தை வாசகர்: உத்தமன் மேல் சந்தேகத்தைப் போட்டவர் சாஸ்திரி. பண்டாரத்தார் அதை மறுத்தாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உத்தமன் மகன் கண்டராதித்தன் ராஜராஜனிடமே உயர்ந்த பொறுப்பில் இருந்தான். அண்ணனைக் கொன்றவன் மகனுக்கு யாராவது பதவி கொடுப்பார்களா?

காவிரிக்கரையான்: 15 ஆண்டு ஏன் சும்மா இருந்தான்? அதற்குப் பதில் சொல்லுங்கள். பண்டாரத்தார் திருப்புறம்பியத்துக்காரர், உங்கள் பக்கத்து ஊர். ஊர்ப்பாசம் பேசுகிறது.

குடந்தை வாசகர்: சாஸ்திரி நெல்லைப் பக்கம் கல்லிடைக்குறிச்சி. அதனால் அவர் பாண்டியர் கட்சியா? அந்த உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகளின் நில விற்பனையைச் சொல்கிறது. விசாரணை எப்போது தொடங்கியது என்று ஒரு வரி உண்டா?

காவிரிக்கரையான்: சித்தப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருந்ததால் அருண்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், விலகினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடே சொல்கிறது. ஆசை இருந்தது, ஆட்சியும் கிடைத்தது.

மன்னை மைந்தன்: படிக்க ஆரம்பிக்க என்ன புத்தகம் என்பதுதானே பேச்சு?

காவிரிக்கரையான்: தம்பி, குறுக்கே வராதீர்கள். குடந்தைக்காரர் முதலில் அந்த 15 ஆண்டுக்குக் கணக்குச் சொல்லட்டும்.

குடந்தை வாசகர்: கண்டராதித்தன் பதவிக்கு நீங்கள் சொல்லுங்கள், அப்புறம் நான் சொல்கிறேன்.