மாஸ்டா எம்எக்ஸ்-5: எஞ்சினை மட்டும் தூக்குவதா, கியர்பாக்ஸோடு சேர்த்தா?

இரட்டைஇருக்கை:
வண்டி 1991 எம்எக்ஸ்-5. 1.6 எஞ்சின், 5 கியர், ஏசி உண்டு. பின்பக்க கிராங்க் ஆயில் சீல் ஒழுகுது, கிளட்ச் வழுக்குது, பிஸ்டன் ரிங்கும் மாத்தணும். லிஃப்ட் கிடையாது. 4 ஸ்டாண்டு, டிராலி ஜாக்கி, 2 டன் எஞ்சின் கிரேன் இருக்கு. எஞ்சினை மட்டும் மேல்வழியா எடுக்கலாமா, கியர்பாக்ஸோட எடுக்கலாமா, இல்ல சப்ஃப்ரேமோட (எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்குற சட்டம்) கீழே இறக்கலாமா? ஏசி கேஸைத் திறக்காம முடிக்கணும்.

ஸ்பேனர்_17:
கியர்பாக்ஸோட சேர்த்து, மேல்வழியா எடுங்க.

எஞ்சினை மட்டும் எடுத்தா வேலை குறையும்னு தோணும். ஆனா பெல் ஹவுசிங்கோட (எஞ்சினோட சேர்ற கியர்பாக்ஸ் முன்கூடு) மேல் போல்ட்டுகள் ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவரை, ஒட்டி உட்கார்ந்திருக்கு. கீழே படுத்து, கியர்பாக்ஸ் மேலாக நீளமா எக்ஸ்டென்ஷன் கோர்த்துத்தான் அதைத் தொட முடியும். அதுக்கு கியர்பாக்ஸோட வால் தாழணும். வால் தாழணும்னா பிபிஎஃப்பைக் கழட்டணும். அவ்வளவு தூரம் போன பிறகு கியர்பாக்ஸை உள்ளேயே விட்டு வைக்கிறதுல என்ன லாபம்?

பிபிஎஃப்ங்கிறது கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் பிணைக்கிற நீளமான அலுமினியச் சட்டம். இந்த வண்டியில கியர்பாக்ஸுக்குப் பின்பக்க மவுண்ட் வேற கிடையாது, சட்டம் மட்டும்தான் தாங்குது. ஜாக்கி கொடுக்காம கழட்டினா வால் பொத்துனு இறங்கும், எஞ்சின் பின்னால சாயும், ஹெட்டுக்குப் பின்னால இருக்கிற கேம் ஆங்கிள் சென்சார் ஃபயர்வால்ல இடிச்சு உடையும். அதனால முதல்ல கியர்பாக்ஸ் அடியில மரக்கட்டை வச்சு ஜாக்கி, அப்புறம்தான் போல்ட். சட்டம் இருந்த உயரத்தைக் கழட்டுறதுக்கு முன்னாடியே அளந்து குறிச்சுக்குங்க.

மத்தபடி: எஞ்சின் ஓடும்போதே ஃபியூயல் பம்ப் ரிலே இணைப்பை உருவி, தானா அணையவிட்டு பெட்ரோல் அழுத்தத்தை இறக்குங்க. அப்புறம் பேட்டரி, பானெட், ரேடியேட்டர். ஏசி கம்ப்ரஸரையும் பவர் ஸ்டீயரிங் பம்பையும் ஹோஸோடவே கழட்டி ஓரமா கட்டுங்க, கேஸ் போகாது. ஏசி கண்டென்ஸரோட எஞ்சின் பக்கத்துல ஒரு பிளைவுட் துண்டைச் சாத்திடுங்க, இடிபடாது. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரும் (பெடல் அழுத்தத்தால கிளட்ச்சை விடுவிக்கிற சிலிண்டர்) அப்படித்தான், பைப்பைத் திறக்க வேண்டாம். ஆனா அதுக்கப்புறம் யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துடும். கியர் லீவரை உள்ளேயிருந்து கழட்டுங்க, இல்லன்னா டனல்ல (தரை நடுவுல கியர்பாக்ஸ் போற மேடு) மாட்டும். ஹீட்டர் ஹோஸை முறுக்கி இழுக்காதீங்க. பிளேடால நீளவாக்கில கீறி உரிச்சுடுங்க. 500 ரூபாய் ஹோஸுக்காக ஹீட்டர் கோரை உடைச்சா டேஷ்போர்டையே பிரிக்கணும்.

இரட்டைஇருக்கை:
கியர்பாக்ஸ் ஆயிலை முழுசா வடிக்கணுமா? கிரேன் எட்டுமா?

ஸ்பேனர்_17:
வடிச்சுடுங்க, 2 லிட்டர்தான். புரப்பெல்லர் ஷாஃப்ட்டை உருவினதும் வால் ஓட்டை திறந்துடும். தூக்கும்போது வால் கீழே தொங்குறதால மிச்ச ஆயிலும் அதுவழியாத்தான் கொட்டும். பிளாஸ்டிக் பையைப் போட்டு ரப்பர் பேண்ட் இறுக்குங்க.

எஞ்சின் முன் ஆக்ஸிலுக்குப் பின்னால தள்ளி உட்கார்ந்திருக்கு, அதனால கிரேன் கையை நல்லா நீட்டணும். நீட்ட நீட்ட தூக்குற திறன் குறையும், கையில ஒவ்வொரு துளைக்கும் எழுதியிருக்கிற எடையைப் பாருங்க. அரை டன் துளை இதுக்குத் தாராளம். அப்பவும் எட்டலன்னா முன் பம்பரைக் கழட்டுங்க. லோடு லெவலர் (தொங்குற எஞ்சினோட சாய்வை மாத்துற கருவி) இல்லாம இறங்காதீங்க, கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்ச்சாத்தான் வெளியே வரும்.

கீழ்வழி:
ரெண்டு தூண் லிஃப்ட் இருக்கிறவங்களுக்குச் சப்ஃப்ரேமோட இறக்குறதுதான் சுத்தமான வழி. பெயிண்ட்ல கீறல் விழாது, பெல் ஹவுசிங் போல்ட் எல்லாம் வெளியே வந்த பிறகு கண்ணுக்கு நேரா இருக்கும். ஸ்டீயரிங் ஷாஃப்ட் இணைப்பு, ஷாக்கோட மேல் நட்டுகள் கூடுதலா கழட்டணும். காலிப்பரைக் கம்பியில கட்டித் தொங்கவிட்டா பிரேக் ஆயிலைத் தொட வேண்டாம். ஸ்டாண்டு மேல இருக்கிற வண்டிக்கு மட்டும் வேண்டாம். எஞ்சின், கியர்பாக்ஸ், சப்ஃப்ரேம் மொத்தமும் அடியிலேர்ந்து உருண்டு வெளிவர்ற அளவுக்குப் பாடியைத் தூக்கணும், அந்த உயரத்துல ஸ்டாண்டை நம்பக் கூடாது.

கிராங்க்முனை:
1991ங்கிறதால ஒண்ணு கட்டாயம் பாருங்க. ஆரம்பகால 1.6ல கிராங்கோட முன்முனை குட்டை. கிராங்க் புல்லியில 4 துளை வெட்டு இருந்தா குட்டை முனை, 8 இருந்தா நீள முனை. குட்டை முனையில புல்லி போல்ட் தளர்ந்தா சாவிக்காடி (சாவிங்கிற சின்ன உலோகத் துண்டு உட்கார்ற வெட்டு) தேயும், டைமிங் நகரும். எஞ்சின் வெளியே இருக்கும்போது சாவியையும் காடியையும் விளக்கடிச்சுப் பாருங்க. பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க.

எஞ்சின் ஸ்டாண்டு பிளாக்கோட பின்பக்கத்துலதான் மாட்டும். அதனால ரிங் வேலை முடிச்சு, திரும்பக் கிரேன்ல தொங்கவிட்ட பிறகுதான் பின் சீலும் ஃபிளைவீலும். ஃபிளைவீல் போல்ட் 96–103 நியூட்டன் மீட்டர், பெல் ஹவுசிங் 64–89, பிபிஎஃப் 104–123. கிளட்ச் பிளேட் 1.6க்கு 200 மி.மீ.; 1.8ஓடது 215, மாத்தி வாங்கிடாதீங்க.

கியர்பாக்ஸைக் கோர்க்கும்போது கடைசி 10 மி.மீ. நின்னுபோச்சுன்னா போல்ட் போட்டு இழுக்காதீங்க, அலுமினியக் காது உடையும். கியர்ல போட்டு, வால்பக்க ஷாஃப்ட்டை மெதுவா திருப்புங்க. பல் பொருந்தினதும் கைத்தள்ளலுக்கே உட்காரும். உட்காரலன்னா கிளட்ச் பிளேட் நடுவுல இல்ல. பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி மறுபடி சென்டர் பண்ணுங்க.