செம்புத் தண்ணீர்

வாட்ஸ்அப் குழு: சூசை தாத்தா குடும்பம், சுங்கை சிப்புட், மலேசியா

பெரியம்மா, இரவு 8.40
ஜெரோம், பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. ஞானஸ்நானம் எப்போது? கோயிலில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ஜெரோம், 8.52
வேண்டுமென்றே தள்ளிப்போடவில்லை பெரியம்மா. நான் ஞாயிறு பூசைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. கோயிலுக்குப் போவது கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, அவ்வளவுதான். பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பாயா என்று சாமியார் கேட்பார். ஆம் என்று நான் எந்த வாயால் சொல்வது? பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்ததும் அதே கோயில்தானே.

லூர்து மாமா, 8.55
கல்யாணத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா? கவிதா இந்து என்பதால் பிஷப்பிடம் அனுமதி வாங்கினோம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று கையெழுத்துப் போட்டாய். பக்கத்தில் நான்தான் நின்றேன்.

ஜெரோம், 8.57
மறக்கவில்லை மாமா. அதை நினைத்துத்தான் தூக்கம் வருவதில்லை.

ரீத்தா அக்கா, 9.10
நான் கொஞ்சம் பேசுகிறேன், அம்மா கோபப்படாதீர்கள். எனக்கு ஒன்பது வயது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு எங்களைத் தயார் செய்த ஆசிரியை, ஞானஸ்நானம் வாங்காதவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று வகுப்பில் சொன்னார். தோட்டத்தில் லயத்து வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த வீட்டுத் தோழி ஒருத்தி இருந்தாள். மாரியம்மன் திருவிழா வந்தால் கூழை எனக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். அவள் நெருப்பில் வேகப்போகிறாள் என்று மூன்று இரவு அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் மனம் நிறையச் சிரித்தால், இதற்கு என்ன தண்டனை வருமோ என்று நெஞ்சு ஒரு நிமிஷம் இறுகும். நாற்பத்தைந்து வயதாகியும் போகவில்லை.

ரீத்தா அக்கா, 9.13
இத்தனைக்கும் மற்ற மதங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே சொல்லிவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே! எனக்கு அது தெரிய வந்தது முப்பது வயதில். பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பயத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பெரியம்மா, 9.16
இத்தனை வருஷம் என்னிடம்கூடச் சொல்லவில்லையே ரீத்தா.

ஜெரோம், 9.24
அக்கா, எனக்கு அந்தப் பயம் இல்லை. எனக்குள் இருப்பது பாட்டியின் கட்டைவிரல். பால்மரம் வெட்டி வெட்டி அந்த விரலில் கத்தியின் தழும்பு இருக்கும். எத்தனை சவுக்காரம் போட்டாலும் கித்தாப்பால், அந்த ரப்பர் பால் வாடை போகாது. இரவு ஜெபமாலை முடிந்ததும் எங்களைப் பாயில் வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போடுவார். தூங்கிப்போனவர்களையும் விட மாட்டார். பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் நெற்றிக்கு என் விரல் தானாகப் போனது. அன்றிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை. இது விசுவாசமா, வெறும் பழக்கமா? அதுதான் எனக்குத் தெரியவில்லை.

லூர்து மாமா, 9.31
பாட்டி ஏன் அப்படிச் செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது. அக்கா, சொல்லிவிடவா?

பெரியம்மா, 9.33
நானே சொல்கிறேன்.

பெரியம்மா, 9.46
எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான். எமர்ஜென்சி காலம். 1948 ஜூனில் நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்களே, அதற்குப் பிறகு வந்த கெடுபிடி. இருட்டினால் லயத்தை விட்டு யாரும் வெளியே போக முடியாது. குழந்தை இரண்டாம் நாள் ராத்திரி நீலம் பாய்ந்து போயிற்று. சாமியாரைக் கூப்பிட வழியில்லை. விடிவதற்குள் போய்விட்டான். ஞானஸ்நானம் இல்லாததால் கோயில் கல்லறையில் ஓரமாகத்தான் இடம் கொடுத்தார்கள். அவன் மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் நடுவில் நிற்கிறான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உபதேசியார் பிறகுதான் சொன்னார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம்.

லூர்து மாமா, 9.52
அதற்குப் பிறகு லயத்தில் எந்தக் கத்தோலிக்க வீட்டில் பிரசவம் என்றாலும் அம்மா ஒரு செம்பில் தண்ணீரோடு வாசலில் நிற்பார். பிள்ளை அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அந்தத் தண்ணீரைக் கொட்டுவார். "பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து" என்று ஞானஸ்நானத்தின் பழைய வார்த்தைகளை வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ராத்திரி சிலுவை போடும்போது எங்களை எண்ணுவார். கடைசியில் ஒரு சிலுவை, யாரும் படுக்காத இடத்தில், பாய்மேல்.

ஜெரோம், 9.54
அந்தக் கடைசிச் சிலுவையை நான் பார்த்திருக்கிறேன் மாமா. பூச்சி ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.

ரீத்தா அக்கா, 10.03
அம்மா, 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு ஒன்று இதைப் பற்றியே எழுதியது. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகளைக் கடவுள் மீட்பார் என்று நம்பக் காரணங்கள் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெரியம்மா, 10.05
அம்மா போய்ச் சேர்ந்தது 1998.

ஜெரோம், 10.20
நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முதலில் சாமியாரிடம் தனியாகப் பேசுகிறேன். பூசைக்குப் போகாதது, சந்தேகப்படுவது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கேட்ட பிறகும் அவர் சரி என்றால், பாப்பாவைக் கொண்டுவருகிறேன். ரீத்தா அக்காதான் ஞானத்தாய். பயமில்லாமல் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க நம்மில் யாராலாவது முடியும் என்றால், அது அக்காவால்தான்.

ரீத்தா அக்கா, 10.22
சரிடா தம்பி. நிற்கிறேன்.

கவிதா, 10.26
அத்தை, இவர் தினமும் ராத்திரி பாப்பா நெற்றியில் விரல் வைப்பார். என்ன என்று கேட்டால் சும்மா என்பார். இப்போதுதான் புரிகிறது. நான் என்ன எடுத்துவர வேண்டும்?

பெரியம்மா, 10.29
பாப்பாவின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) நகல் ஒன்று போதும் கண்ணு. வெள்ளைச் சட்டை என்னிடம் இருக்கிறது. செம்பும் இருக்கிறது.

லூர்து மாமா, 10.31
சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாமியார் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்காருவார். ஜெரோம், நாலரைக்கு வீட்டுக்கு வா, சேர்ந்தே போகலாம்.